பெயர்ப்பட்டியலும் மௌனமும்: ஜப்பானியர் காலப் பேராவில் அறநியாயங்கள் (1941–1948)

முன்னுரை

ஒரு செயலைச் சரி என்றோ தவறு என்றோ முடிவுசெய்யும்போது மனிதர் எவற்றைக் காரணமாகக் காட்டுகின்றனர் என்பது அறவியலின் அடிப்படை வினாக்களுள் ஒன்றாகும். ஆசிரியர் பயிற்சி பெற்றோர் பலரும் இவ்வினாவை லாரன்ஸ் கோல்பர்க் (1927–1987) கையாண்ட ஹைன்ஸ் கதையின் வழியே அறிந்திருப்பர். இறக்குந் தறுவாயிலுள்ள மனைவியைக் காக்கக் கணவன் மருந்தைத் திருடலாமா என்பது அக்கதை எழுப்பும் சிக்கல். திருடலாம், திருடக் கூடாது என்னும் விடைகளைக் காட்டிலும், விடைக்குக் கூறப்படும் காரணத்தையே கோல்பர்க் முதன்மையாகக் கருதினார். நன்னெறிக் கல்வி வகுப்புகளிலும் இத்தகைய கதைகள் பயன்பட்டு வந்துள்ளன.

ஆயினும் ஹைன்ஸ் ஒரு கற்பனைப் பாத்திரம். அவன் எடுக்கும் முடிவால் எவரும் உண்மையில் உயிரிழப்பதில்லை. நம் பேரா மாநிலத்திலோ, 1941 முதல் 1945 வரையிலான ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில், இதனினும் கடுமையான அறச்சிக்கல்களை உண்மை மனிதர்கள் எதிர்கொண்டனர். ஈப்போ நகரிலும் அதனைச் சூழ்ந்த ரப்பர்த் தோட்டங்களிலும் அவர்கள் எடுத்த முடிவுகளையும் அவற்றுக்குக் காட்டிய காரணங்களையும் ஒப்பிட்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஒருவர் தம் செயலை அறத்தின் பெயரால் ஏற்கத்தக்கதாகக் காட்டும் காரணத்தை இங்கு 'அறநியாயம்' எனக் குறிக்கிறோம்.

காலப் பின்னணி

1941 டிசம்பர் இறுதியில் ஈப்போ ஜப்பானியர் வசமாயிற்று. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் சரணடைந்தது. ஆங்கிலேயத் துரைமார் தோட்டங்களைவிட்டு வெளியேறினர். ரப்பர் ஏற்றுமதி தடைப்பட்டதால் பால்வெட்டுத் தொழில் பெரும்பாலும் நின்றது. அரிசிக்குப் பதிலாக மரவள்ளிக்கிழங்கு உணவாயிற்று. துணியின்றிச் சாக்கை உடுத்த நேர்ந்தது. மலேரியாவுக்கு மருந்து கிடைப்பது அரிதாயிற்று.

இம்மாற்றத்தின் மற்றொரு கூறும் கருதத்தக்கது. போருக்கு முன்னர்த் தோட்டத்தின் முடிவுகளைத் துரை எடுத்தார், கிராணியும் கங்காணியும் நிறைவேற்றினர், தொழிலாளர் கீழ்ப்படிந்தனர். துரை அகன்றபின் கிராணியும் கங்காணியும் எஞ்சினர். அதுவரை பிறர் ஆணையை நிறைவேற்றியே பழகியவர்கள், யார் உயிருக்கு ஆபத்து நேரலாம், யாருக்கு நேரக்கூடாது எனத் தெரிவுசெய்யும் நிலைக்குத் தள்ளப்பட்டனர். நகரத்திலும் இதையொத்த நிலையே நிலவியது. மருத்துவர், தாதியர், மாணவியர் எனச் சாதாரண வாழ்க்கை நடத்தியோர் அரசியல் முடிவுகளை எடுக்க வேண்டியவராயினர்.

பாப்பான்: மருந்தும் மறைப்பும்

ஈப்போ புரூஸ்டர் சாலையில் மருத்துவர் ஏ. சி. கார்த்திகேசுவும் அவர்தம் மனைவி சிபில் கார்த்திகேசுவும் 1926 முதல் மருந்தகம் நடத்தி வந்தனர். சிபில் 1899இல் சுமத்திராவின் மேடான் நகரில் பிறந்த யுரேசியப் பெண்மணி. பயிற்சி பெற்ற தாதி, மருத்துவச்சி. ஜப்பானியர் நெருங்கியபோது குடும்பத்தினர் பாப்பான் என்னும் ஈயச்சுரங்கச் சிற்றூருக்குப் பெயர்ந்தனர். அங்கு நோயுற்றும் காயமுற்றும் இரகசியமாக வந்த 'மலாயா மக்களின் ஜப்பானிய எதிர்ப்புப் படை'யினருக்குச் சிகிச்சையளித்தனர். வானொலிப் பெட்டியை மறைத்துவைத்து வெளிநாட்டுச் செய்திகளைக் கேட்டுப் பிறருக்கும் தெரிவித்தனர். இவ்விரண்டும் அக்காலச் சட்டப்படி கடுங்குற்றங்களாகும்.

1943இல் சிபில் கைதானார். கணவரும் வளர்ப்பு மகனும் சிறைப்பட்டனர். கெம்பெய்த்தாய் எனப்பட்ட ஜப்பானியப் படைக்காவல் துறையினர் அவரைச் சித்திரவதை செய்தனர். ஏறத்தாழ ஏழு வயதுடைய மகளைத் தீக்கு மேலே தொங்கவிட்டு அச்சுறுத்திய நிகழ்ச்சியைச் சிபில் தம் நினைவுநூலில் பதிவுசெய்துள்ளார். அப்போதும் தம்மிடம் சிகிச்சை பெற்றோரை அவர் காட்டிக்கொடுக்கவில்லை.

அவரது செயலில் இரண்டு அறநியாயங்கள் இணைந்துள்ளன. முதலாவது, தொழிற்கடமை. காயமுற்றவர் எப்படையைச் சார்ந்தவர் என வினவுவது மருத்துவம் செய்வோரின் வேலையன்று. இரண்டாவது, பொய்யைப் பற்றியது. விசாரணையாளரிடம் அவர் உண்மையை மறைத்தார். திருக்குறளின் வாய்மை அதிகாரத்தைக் கற்பிக்கும் ஆசிரியர்க்கு இது புதிய சிக்கலன்று. குற்றமற்ற நன்மையைத் தருமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்பது வள்ளுவர் வகுத்த விதிவிலக்கு. ஆனால் 'குற்றமற்ற' என்னும் அடை இங்கு எளிதாகப் பொருந்துவதில்லை. அவரது மறைப்பால் போராளிகள் காக்கப்பட்டனர். அம்மறைப்பின் துன்பத்தில் ஒரு பங்கைக் குழந்தை ஏற்றது. சிபிலின் துணிவைப் போற்றுவோர் இப்பகுதியை விரைந்து கடந்துவிடுதல் கூடாது.

ஈப்போவிலிருந்து பர்மாவிற்கு

அதே ஆண்டில், அதே நகரைச் சேர்ந்த மற்றொரு பெண் எதிர்த் திசையில் சென்றார். 1927இல் ஈப்போவில் பிறந்த ராசம்மா நவரத்தினம், பின்னாளில் ராசம்மா பூபாலன் என அறியப்பட்டவர், தம் சகோதரி பொன்னம்மாவுடன் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது பதினாறு. சுபாஷ் சந்திர போஸ் 1943 ஜூலையில் சிங்கப்பூர் வந்து இந்திய சுதந்திரச் சங்கத்தின் தலைமையை ஏற்றார். அக்டோபர் 21 அன்று தற்காலிக இந்திய அரசை அறிவித்தார். மறுநாள், கேப்டன் லட்சுமியின் தலைமையில் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் சிங்கப்பூரில் தொடங்கப்பட்டது.

இப்படையில் சேர்ந்தோரின் அறநியாயம் தெளிவானது. அடிமைப்பட்ட நாட்டின் மக்களுக்கு விடுதலைக்காகப் போரிடும் உரிமையுண்டு; அதற்கு ஜப்பானின் துணையைப் பெறுவது ஜப்பானுக்கு அடிபணிவதாகாது என்பதே அது. ஐரோப்பியரைச் சிபில் குடும்பத்தார் எதிர்பார்த்துக் காத்திருந்தனர். ராசம்மா போன்றோர் அவ்வைரோப்பியரின் ஆட்சியையே முதன்மைத் தீமையாகக் கண்டனர். ஒரே நகரில், ஒரே ஆட்சியின்கீழ், இரு பெண்கள் எதிரெதிரான முடிவுகளுக்கு வந்தனர். இருவரும் தத்தம் செயலைக் கடமை என்றே கருதினர்.

எனினும் இந்நியாயத்திற்கும் ஒரு நெருடல் உண்டு. 1943 அக்டோபர் 17 அன்று சயாம்–பர்மா ரயில் தடம் இணைக்கப்பட்டது. அதற்கு நான்கு நாள்களுக்குப் பின்னரே தற்காலிக இந்திய அரசு அறிவிக்கப்பட்டது. பர்மாப் போர்முனைக்குச் சென்ற இந்திய தேசிய இராணுவத்தினர் இத்தடத்தின் வழியாகவும் அனுப்பப்பட்டனர். இந்திய விடுதலைக்குத் துணைநிற்பதாகக் கூறிய அரசே மலாயாத் தோட்டத் தமிழரைக் கொண்டு இத்தடத்தை அமைத்தது.

தோட்டத்துப் பட்டியல்

சயாம்–பர்மா ரயில் தடத்தின் நீளம் 415 கிலோமீட்டர். இதில் ஏறத்தாழ 60,000 நேசநாட்டுப் போர்க்கைதிகள் வேலை செய்தனர். அவர்களுள் 12,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆசியத் தொழிலாளர் இரண்டு இலட்சம் அளவினர் என மதிப்பிடப்படுகிறது. மலாயாவிலிருந்து மட்டும் 70,000க்கும் மேற்பட்டோர் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். வாந்திபேதி, மலேரியா, பட்டினி, அடி ஆகியவற்றால் பல்லாயிரவர் இறந்தனர். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய மலேசியத் தமிழ் நாவல்கள் இவ்வரலாற்றைக் களமாகக் கொண்டவை.

தொடக்கத்தில் நாட்கூலி, உணவு, குறுகிய காலப் பணி என ஆசைகாட்டி ஆள் சேர்க்கப்பட்டது. சென்றவர் திரும்பாமையால் முன்வருவோர் குறைந்தனர். பின்னர்த் தோட்டந்தோறும் இத்தனை பேர் எனத் தொகை விதிக்கப்பட்டது. இலவசப் படக்காட்சிக்கென வந்தவர்களைச் சுற்றிவளைத்து ஏற்றிச்சென்றதும் உண்டு.

தொகை விதிக்கப்பட்ட தோட்டத்தில் யாரை அனுப்புவது? பெயர்களை அறிந்தவர்கள் கிராணியும் கங்காணியுமே. நாள்தோறும் பெரட்டில் பெயர் கூப்பிடுவதற்குப் பயன்பட்ட செக்ரோல், சயாமுக்குச் செல்வோரைப் பொறுக்கும் ஏடாகவும் மாறியது. பட்டியல் எழுதியோர் தரப்பில் காட்டத்தக்க நியாயங்கள் மூன்று. 'நாம் எழுதாவிட்டால் ஜப்பானியர் கண்ணிற்பட்டவரை எல்லாம் பிடித்துச் செல்வர்' என்பது முதலாவது. 'குடும்பஸ்தரை விட்டு மணமாகாதவரை அனுப்பினால் துன்பம் குறையும்' என்பது இரண்டாவது. 'மறுத்தால் நம் உயிர் போகும்' என்பது மூன்றாவது. இவற்றுள் எதையும் பொய் என ஒதுக்கிவிட இயலாது. குறைந்த தீமையைத் தெரிவுசெய்தல் என்பது அறவியலில் மதிக்கப்படும் ஒரு நியாயமே.

ஆயினும் லயத்து மக்களின் நினைவில் அப்பட்டியல் வேறுவிதமாகப் பதிந்துள்ளது. கங்காணியோடு பிணக்குற்றவன், கிராணியை எதிர்த்துப் பேசியவன், கேட்பாரற்றவன் ஆகியோர் பெயர்களே முதலில் ஏறின என்னும் குற்றச்சாட்டு ஜப்பானியர் காலக் கதையாடல்களில் மீண்டும் மீண்டும் இடம்பெறுகிறது. குறைந்த தீமை என்னும் நியாயம், பழைய பகையைத் தீர்க்கும் கருவியாகவும் பயன்பட இடமிருந்தது. பட்டியலைக் கண்டு ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்தறிய முடியாது. இரண்டிலும் எழுதப்பட்டிருப்பது பெயர் மட்டுமே.

தொழிலாளரும் முடிவெடுக்காதவரல்லர். சிலர் காட்டுக்குள் ஓடினர். சிலர் உறவினர்க்கு மாற்றாகத் தாமே சென்றனர். சயாமுக்குச் செல்வதினும் மேல் எனக் கருதி இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தோரும் உளர். நகரத்துக் கல்விபெற்ற இளைஞர்க்கு நாட்டுப்பற்றாக இருந்த அதே முடிவு, தோட்டத்து இளைஞர் சிலர்க்கு உயிர்தப்பும் வழியாக இருந்தது. எனினும் அவர்களின் நியாயங்கள் நூல்களாகவில்லை. நீதிமன்றத்தில் வாதமாகவும் ஒலிக்கவில்லை.

வென்றவர் வழங்கிய தீர்ப்பு

1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தபின் இச்செயல்கள் மீது தீர்ப்புகள் வழங்கப்பட்டன. சிபிலைச் சித்திரவதை செய்த எக்கியோ யோஷிமுரா போர்க்குற்ற வழக்கில் மரண தண்டனை பெற்றார். மேலதிகாரியின் ஆணைக்குக் கீழ்ப்படிந்தமை குற்றத்தைப் போக்காது, தண்டனையைக் குறைக்கவே கருதப்படலாம் என்னும் விதி நூரம்பர்க், தோக்கியோ விசாரணை மன்றங்களின் சாசனங்கள் இரண்டிலும் இடம்பெற்றது. 'ஆணை' என்னும் நியாயம் அளவில் சுருக்கப்பட்டது இருபதாம் நூற்றாண்டு அறச்சிந்தனையின் முக்கியத் திருப்பமாகும்.

இந்திய தேசிய இராணுவத்தின் அதிகாரிகள் ஷா நவாஸ் கான், பிரேம் சாகல், குர்பக்ஷ் சிங் தில்லான் மூவரும் 1945 நவம்பரில் தில்லிச் செங்கோட்டையில் விசாரிக்கப்பட்டனர். அடிமை நாட்டினர் விடுதலைக்காகப் போர்தொடுக்கும் உரிமையுடையவர் எனப் புலாபாய் தேசாய் வாதிட்டார். மன்றம் அவர்களைக் குற்றவாளிகளாகக் கண்டது. ஆனால் எழுந்த மக்கள் கொந்தளிப்பின் நடுவே, 1946 ஜனவரியில் அத்தண்டனையைப் படைத்தளபதி ஆக்கின்லெக் நீக்கினார். சட்டத்தின் தீர்ப்பும் மக்களின் தீர்ப்பும் இங்கு வேறுபட்டன.

சிபில் சிகிச்சைக்காகப் பிரிட்டனுக்கு அழைத்துச் செல்லப்பட்டார். 1947இல் ஜார்ஜ் பதக்கம் பெற்றார். 1948 ஜூன் 12 அன்று அங்கேயே காலமானார். அதன் நான்காம் நாள், ஜூன் 16 அன்று, ஈப்போவுக்கு வடக்கேயுள்ள சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. ஜப்பானிய எதிர்ப்புப் படையின் மலாயாக் கம்யூனிஸ்டுத் தலைவர்கள் 1946இல் இலண்டன் வெற்றி அணிவகுப்புக் காலத்தில் கூட்டாளிகளாக மதிக்கப்பட்டவர்கள். இப்போது தேடப்படும் எதிரிகளாயினர். அவர்களுக்கு உணவோ மருந்தோ அளிப்பது அவசரகால விதிகளின்கீழ்க் கடுந்தண்டனைக்குரிய குற்றமாயிற்று. 1943இல் பாப்பானில் செய்யப்பட்ட செயலுக்கு 1947இல் பதக்கம் கிடைத்தது; அச்செயலையே எவரேனும் 1949இல் பாப்பானில் செய்திருந்தால் சிறை கிடைத்திருக்கும். மருந்தும் காயமும் மாறவில்லை. ஆளுவோருக்கு எதிரி யார் என்பதே மாறியது.

கிராணி, கங்காணிமாரின் பட்டியல்கள் மீது இவ்வாறான பொது விசாரணை எதுவும் நிகழவில்லை. அக்கணக்கு லயங்களுக்குள்ளேயே, பேச்சு நின்றுபோன குடும்பங்களுக்கிடையே முடங்கிற்று.

விலை யாருடையது?

மேற்கண்டவற்றால், வென்றவர் தீர்ப்பை அறத்தின் தீர்ப்பாக ஏற்க இயலாது என்பது பெறப்படும். அவ்வாறாயின் வேறு எந்த அளவுகோல் உண்டு? அவரவர் நியாயம் அவரவர்க்கு என விட்டுவிடுவதும் பொருந்தாது. அவ்வாறு விட்டால் யோஷிமுராவின் நியாயத்தையும் ஏற்க நேரும்.

நாம் முன்வைக்கும் வினா எளியது: ஒருவர் தம் செயலுக்குக் கூறும் நியாயத்தின் விலையைச் செலுத்தியவர் யார்? சிபில் தம் உடலைப் பணயமாக வைத்தார். ராசம்மா தம் உயிரைப் பணயமாக வைத்தார். பட்டியல் எழுதியவர் பிறர் உயிரை வைத்தார். நோக்கங்கள் எதிரெதிராயினும் முதலிருவரையும் ஒரே வரிசையில் நிறுத்துவது இத்தன்மையே. நோக்கம் நல்லதாக இருந்திருக்கக் கூடுமெனினும் மூன்றாமவரின் செயலை ஐயத்துடன் நோக்கச் செய்வதும் இதுவே.

இவ்வளவுகோலுக்குத் தடைகள் எழும். முதலாவது, சிபிலின் மகளும் விலை செலுத்தினாள் என்பது. உண்மையே. ஆயினும் அக்குழந்தையைத் தேர்ந்தவர் தாய் அல்லர், வதைத்தவரே. பட்டியல் எழுதுபவரோ தம் கையாலேயே ஒருவரைத் தேர்கிறார். இவ்வேறுபாடு சிபிலின் சிக்கலை முற்றிலும் தீர்ப்பதில்லை. அதன் பாரத்தைச் சரியான தோளில் ஏற்றுகிறது. இரண்டாவது, போஸ் போன்ற தலைவர்களின் முடிவுக்கும் தோட்டத் தமிழர் விலை செலுத்தினர் அல்லவா என்பது. அதுவும் ஏற்கத்தக்கதே. படையில் சேர்ந்த பதினாறு வயதுப் பெண்ணின் நியாயத்தையும் ஜப்பானோடு உடன்பட்ட தலைமையின் நியாயத்தையும் தனித்தனியே எடைபோட வேண்டும் என்பதையே இத்தடை உணர்த்துகிறது. மூன்றாவது, துப்பாக்கி முனையில் நிற்பவரிடம் தெரிவு எங்கே உள்ளது என்பது. கங்காணியின் அச்சம் உண்மையானது. அச்சம் குற்றத்தின் அளவைக் குறைக்கலாம். ஆனால் அதே அச்சத்தின் நடுவே ஒருவர் யாரைத் தேர்ந்தார், தம் மகனையும் தம்பியையும் பட்டியலில் சேர்த்தாரா, விலக்கினாரா என்னும் வினா எஞ்சியே நிற்கும்.

முடிவுரை

போருக்குப்பின் ராசம்மா ஆசிரியரானார். 1960இல் மலாயாப் பெண் ஆசிரியர் சங்கத்தைத் தோற்றுவித்து, ஆண் ஆசிரியர்க்கு நிகரான ஊதியம் கோரிப் போராடினார். சிபிலின் நினைவுநூல் அவர் மறைவுக்குப்பின் 1954இல் வெளிவந்தது. ஈப்போவில் ஒரு சாலை அவர் பெயரைத் தாங்கியுள்ளது. தாய்லாந்தின் காஞ்சனபுரிப் போர்க் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 போர்க்கைதிகள் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். பெரும்பாலான கற்களில் பெயரும் படைப்பிரிவும் உள்ளன. தோட்டத் தமிழர்க்கு அத்தகைய பெயர்வரிசை அமையவில்லை. அவர்களை அனுப்பிய தோட்டங்களிலும் பல இன்று செம்பனைக் காடுகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன.

நன்னெறிக் கல்வியையும் வரலாற்றையும் கற்பிக்கும் தமிழாசிரியர்க்கு இவ்வரலாறு இரண்டு பயன்களைத் தரவல்லது. ஹைன்ஸ் கதைக்கு மாற்றாக, மாணவர் பெயரறிந்த ஊர்களில் நிகழ்ந்த அறச்சிக்கலை வகுப்பில் வைக்கலாம். வீரர், துரோகி என்னும் இரு பெயர்களுக்குள் மனிதரை அடைக்காமல், அவர் கூறிய நியாயத்தையும் அதற்கு விலை செலுத்தியவரையும் சேர்த்துக் காணும் பழக்கத்தை வளர்க்கலாம்.

இதற்கு உடனடியாகச் செய்யத்தக்க பணியும் உண்டு. ஜப்பானியர் காலத்தில் சிறுவராக இருந்தோர் இன்று தொண்ணூறு வயதை நெருங்கியோ கடந்தோ உள்ளனர். சயாமுக்குச் சென்றவர்களின் பெயர்களை அவர்களிடமும் அவர்தம் பிள்ளைகளிடமும் கேட்டு, தோட்டம் தோட்டமாக எழுதிவைக்கும் பணியைப் பேராவின் தமிழ்ப்பள்ளிகள் மேற்கொள்ளலாம். ஒருமுறை அவர்கள் பெயர்கள் எழுதப்பட்டது அவர்களை அனுப்புவதற்காக. அவர்களை அறிவதற்காக அப்பெயர்களை மீண்டும் எழுதுவது நம் தலைமுறையின் பொறுப்பாகும்.